ரூட் கெனால் செய்யப் போகிறீர்களா? முதல் வலியிலிருந்து கேப் வரை

பல்லின் வேருக்குள் கிருமி இறங்கிவிட்டது, ரூட் கெனால் (வேருக்குள் ஓடும் கால்வாயைச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை) செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் நம் கொங்குப் பக்கத்தில் எழுகிற கேள்விகள் இரண்டு. "எவ்வளவுங்க ஆகும்?" "புடுங்கிப்போட்டா ஆகாதுங்களா?" இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் சிகிச்சை பாழாவதற்கான காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. மாத்திரையில் வலி அடங்கியதும் போகாமல் விடுவது, முதல் சிட்டிங் முடிந்து சுகமானதும் அடுத்ததற்கு வராமல் இருப்பது, அடைப்பு முடிந்தபின் கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) போடாமல் தள்ளிப்போடுவது. மூன்றுமே வலி நின்றுவிட்டது என்ற நம்பிக்கையில் செய்யும் தவறுகள். வலி நிற்பதும் கிருமி ஒழிவதும் ஒன்றல்ல என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. முதலில் பாருங்கள்: இது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலையா?

பல்வலியோடு கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் பல் கிளினிக்கில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கக் கூடாது. நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

தாடைக்குக் கீழே, கழுத்துப் பக்கம் வீக்கம் இறங்கியிருப்பது. எச்சில் விழுங்க முடியாமல் வழிவது. நாக்கு மேலே தூக்கினாற்போல் இருப்பது. வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்க முடியாமை. மூச்சு விடச் சிரமம். கண்ணை மூடிவிடும் அளவுக்குக் கன்னம் வீங்குவது. குளிரும் காய்ச்சலும்.

கீழ்க்கடைவாய்ப் பல்லின் சீழ், நாக்கின் அடியிலும் தாடையின் அடியிலும் உள்ள இடைவெளிகளில் பரவினால் மூச்சுக்குழாயை நெருக்கிவிடும். சில மணி நேரத்தில் நிலைமை மாறும். இரவு பத்து மணியானாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்தியூர் மலை, தாளவாடி, வால்பாறை போன்ற இடங்களில் இருப்பவர்கள் இறங்கிவரும் நேரத்தையும் கணக்கில் எடுத்து முன்கூட்டியே கிளம்புங்கள்.

இவை எதுவும் இல்லை, குத்தல் மட்டும்தான், அல்லது ஈறில் சின்னக் கொப்புளம் மட்டும்தான் என்றால் அடுத்த படிக்கு வரலாம்.

2. மாத்திரையை நம்பி நாள் கடத்தாதீர்கள்

பல்லின் நடுவே பற்கூழ் என்ற மென்திசு இருக்கிறது. அதற்குள் ரத்தக்குழாயும் நரம்பும் வேர் நுனியில் உள்ள சின்னத் துளை வழியாக நுழைகின்றன. சொத்தை ஆழமாகிக் கிருமி உள்ளே போனால் பற்கூழ் வீங்கும். சுற்றிலும் கெட்டிச் சுவர் என்பதால் வீக்கத்துக்கு இடமில்லை. அதனால்தான் அந்த உயிர்போகும் குத்தல். பிறகு பற்கூழ் செத்துவிடும். சிலருக்கு அந்தக் கட்டத்தில் வலி திடீரென்று நின்றுபோகும். "தானா சரியாயிடுச்சு" என்று நினைக்கிற நாட்கள் அவை. உள்ளே செத்த திசுவைத் தின்று கிருமி பெருகிக்கொண்டிருக்கும். மாதங்கள் கழித்து வேர் நுனியில் எலும்பு கரைந்து சீழ் கட்டும்.

செத்த பற்கூழுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. ரத்த ஓட்டம் இல்லாத இடத்துக்கு ஆன்டிபயாடிக் போய்ச் சேராது. சொட்டுநீர்ப் பாசனம் போட்டவர்களுக்குச் சட்டென்று புரியும்: கிளைக்குழாயின் வால்வு மூடியிருக்கும்போது உர டேங்கில் எவ்வளவு கரைத்து ஊற்றினாலும் அந்த வரிசைச் செடிக்குப் போகாது. மாத்திரை வேரைச் சுற்றியுள்ள எலும்பிலும் தசையிலும் வீக்கத்தைச் சற்று அடக்கும். வேருக்குள் இருக்கும் ஊற்றுக்கண் அப்படியே இருக்கும். மாத்திரை முடிந்த சில வாரங்களில் மீண்டும் கிளம்பும்.

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிமுறையும் இதையே சொல்கிறது. உடல் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு, பல்லிலேயே சிகிச்சை செய்ய வாய்ப்பு இருக்கும்போது, பற்கூழ் அழற்சிக்கோ வேர் நுனிச் சீழுக்கோ பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவையில்லை. காய்ச்சல், உடல் சோர்வு, பரவும் வீக்கம் இருந்தால் மட்டுமே அது தேவை. ஆகவே மெடிக்கலில் சீட்டு இல்லாமல் அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் வாங்கி இரண்டு நாள் போட்டு நிறுத்தாதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களில் மது கூடாது.

டாக்டரைப் பார்க்கும்வரை வலியைத் தாங்க, பெரியவர்களுக்கு இப்யூபுரோஃபென் 400 மி.கி. உடன் பாராசிட்டமால் 500 மி.கி. சேர்த்து, சாப்பாட்டுக்குப் பின் எடுப்பது நன்றாகக் கேட்கும். ஆனால் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ஆஸ்துமா உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், டெங்கு சந்தேகம் உள்ள காய்ச்சல்காரர்கள் இப்யூபுரோஃபெனைத் தொடக் கூடாது. அவர்களுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் கேட்டுக்கொண்டு.

செய்யக் கூடாதவை சில. சொத்தைக் குழியில் எருக்கம்பால் விடுவது ஈறையும் நாக்கையும் வெந்துபோகச் செய்யும். ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைத்தால் தோல் வெள்ளையாகப் பொசுங்கும். புகையிலையை அடக்கிவைப்பது வேண்டவே வேண்டாம். வீங்கிய கன்னத்துக்கு வெளியே சூடான ஒத்தடம் கொடுக்காதீர்கள். சீழ் தோலை நோக்கி இழுபட்டுக் கன்னத்தில் உடைந்து தழும்பாகும். கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டுப் பஞ்சில் நனைத்துக் குழியில் வைக்கலாம். அது சற்று நேரம் மரத்துப்போகச் செய்யும், அவ்வளவுதான்.

3. எங்கே போவது?

முன்பல்லுக்கும், நேரான ஒற்றை வேர் உள்ள பல்லுக்கும் அனுபவமுள்ள பொதுப் பல் மருத்துவர் போதும். கடைவாய்ப் பல், வளைந்த வேர், ஏற்கெனவே ஒருமுறை ரூட் கெனால் செய்து மறுபடி சீழ் வைத்த பல் என்றால் எம்.டி.எஸ். படித்த வேர் சிகிச்சை நிபுணரிடம், அதாவது எண்டோடான்டிஸ்ட்டிடம் போங்கள். பல கிளினிக்குகளில் இவர் வாரத்தில் ஒருநாள் வந்துபோவார். எந்தக் கிழமை என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில் காசு குறைவு, நேரம் இருக்கிறது என்றால் பல் மருத்துவக் கல்லூரிகள் நல்ல வழி. கொங்கு நாட்டில் இவற்றுக்குக் குறைவில்லை. கோவையில் ஸ்ரீ ராமகிருஷ்ணா, சூலூர்ப் பக்கம் ஆர்.வி.எஸ்., குமாரபாளையத்தில் ஜே.கே.கே. நடராஜா, திருச்செங்கோட்டில் கே.எஸ்.ஆர்., விவேகானந்தா, சேலத்தில் விநாயகா மிஷன்ஸ் சங்கராச்சாரியார் என்று பல இருக்கின்றன. மாணவர் செய்வார், ஆசிரியர் ஒவ்வொரு கட்டத்திலும் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அடுத்த கட்டம் நடக்கும். அதனால் ஒரு கிளினிக்கில் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு இங்கே அரை நாள் ஆகும். சிட்டிங் எண்ணிக்கையும் கூடும். காலையில் ஓ.பி. திறக்கும் நேரத்துக்கே போய்விட வேண்டும். தேர்வுக் காலத்திலும் கல்லூரி விடுமுறையிலும் உங்கள் மாணவர் இருக்க மாட்டார் என்பதால், முதல் நாளே "இந்தப் பல்லு எப்பங்க முடியும், இடையில லீவு வருங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

மில், பனியன் கம்பெனி, எஞ்சினியரிங் ஒர்க்‌ஷாப் வேலையில் இருந்து, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் உங்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருக்கக்கூடும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டை இருந்தால் முதலில் உங்கள் பகுதி இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய், அங்கிருந்து பரிந்துரைச் சீட்டு வாங்கி, பல் பிரிவு உள்ள இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். கோவை சிங்காநல்லூரில் பெரிய இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. ரூட் கெனால் அங்கேயே செய்வார்களா, கேப்புக்கு என்ன ஏற்பாடு என்பதைத் தனித்தனியாகக் கேளுங்கள்.

தனியார் மருத்துவக் காப்பீட்டை நம்பி இறங்காதீர்கள். விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் தவிர, பெரும்பாலான பாலிசிகள் பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை.

எங்கே போனாலும் இந்த நான்கைக் கேளுங்கள். ரப்பர் டேம் (எச்சில் படாமல் அந்தப் பல்லை மட்டும் பிரிக்கும் ரப்பர்த் தாள்) போடுவீர்களா? வேர் நீளத்தை அளக்க ஏபெக்ஸ் லொக்கேட்டர் இருக்கிறதா? வேருக்குள் எதை வைத்துக் கழுவுவீர்கள்? முடிந்ததும் எக்ஸ்ரே தருவீர்களா? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற இடத்தில் உட்காருங்கள். பளபளக்கும் நாற்காலியைவிட இந்தப் பதில்களுக்கு மதிப்பு அதிகம்.

4. கையோடு எடுத்துச் செல்ல வேண்டியவை

தினமும் போடும் மாத்திரைகளின் அட்டையையே எடுத்துச் செல்லுங்கள். பெயர் நினைவில்லாமல் "வெள்ளையா சின்னதா இருக்குமுங்க" என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை.

சர்க்கரை உள்ளவர்கள் கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு, மூன்று மாதச் சராசரி இருந்தால் அதுவும். இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்கள், முன்பு இதய உள்சவ்வில் தொற்று வந்தவர்கள் அதைக் கட்டாயம் முதலிலேயே சொல்ல வேண்டும். அவர்களுக்குச் சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு ஒருவேளை ஆன்டிபயாடிக் கொடுப்பது வழக்கம். வார்ஃபரின் (ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரை) எடுப்பவர்கள் புதிதாக எடுத்த ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் சோதனை) சீட்டைக் கொண்டுபோங்கள். ரத்தம் இளக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ரூட் கெனாலுக்குப் பொதுவாக அதை நிறுத்தவே தேவையில்லை. பல் பிடுங்குவதைவிட இது இவர்களுக்குப் பத்திரம் என்பதும் ஒரு வசதி. எலும்பு மெலிந்து பலவீனமாகும் நோய்க்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) ஊசியோ மாத்திரையோ எடுத்தவர்களுக்கும் இதே கதைதான், பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

பழைய எக்ஸ்ரே, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற விவரம், ஆதார் நகல் (கல்லூரிகளிலும் அரசு ஆஸ்பத்திரிகளிலும் பதிவுக்கு), இ.எஸ்.ஐ. அட்டை. இவ்வளவு போதும்.

கர்ப்பமாக இருப்பவர்கள் மாதத்தைச் சொல்லுங்கள். நான்கு முதல் ஆறு மாதம் வரை வசதியான காலம். கடும் வலியும் சீழும் இருந்தால் எந்த மாதமானாலும் தள்ளிப்போடக் கூடாது. ஒரே ஒரு பல்லுக்கான எக்ஸ்ரேயில் கதிர் அளவு மிகக் குறைவு, ஈயக் கவசமும் போடுவார்கள்.

5. பரிசோதனை நாளில் கவனிக்க வேண்டியவை

வலிக்கிற பல் எது என்பது உங்களுக்கே சரியாகத் தெரியாமல் இருக்கலாம். கீழ்ப்பல்லின் கோளாறு மேல்பல்லில் வலிப்பதுபோல் தோன்றும். இடப்பக்கத்து வலி வலப்பக்கத்துக்குத் தாண்டாது, ஆனால் மேலும் கீழும் ஏமாற்றும். ஆகவே நீங்கள் விரல் வைத்துக் காட்டிய பல்லை உடனே துளைக்கக் கிளம்பினால் நிறுத்திக் கேளுங்கள்.

முறையாகச் செய்தால் நான்கு சோதனைகள் நடக்கும். குளிர்ந்த பஞ்சைப் பல்லில் வைப்பார்கள்: நல்ல பல்லில் சுரீரென்று வந்து சில நொடியில் அடங்கும், கெட்டுப்போன பல்லில் பஞ்சை எடுத்த பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் நீடிக்கும், செத்த பல்லில் எதுவுமே தெரியாது. பிறகு கருவியின் காம்பால் ஒவ்வொரு பல்லாகத் தட்டுவார்கள். ஈறை விரலால் அமுக்குவார்கள். மெல்லிய அளவுக்கோலால் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஆழம் பார்ப்பார்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கோல் ஆழமாக இறங்கினால் வேர் விரிசல் விட்டிருக்கலாம். விரிசல் விட்ட வேரை எந்த ரூட் கெனாலும் காப்பாற்றாது.

ஈறில் மஞ்சள் கொப்புளம் ஒன்று அவ்வப்போது உடைந்து உப்புக் கரிக்கிற கெட்ட நீர் வருகிறதா? அந்தத் துளை வழியாக மெல்லிய ரப்பர்க் குச்சி ஒன்றை நுழைத்து எக்ஸ்ரே எடுத்தால், அது எந்த வேரின் நுனியில் போய் முட்டுகிறதோ அதுதான் குற்றவாளி. வலிக்காத சோதனை, மிகத் தெளிவான பதில்.

எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கறுப்பு வட்டம் தெரிவது எலும்பு கரைந்ததன் அடையாளம். எலும்பின் தாதுச் சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியத் தொடங்கும். ஆகவே படத்தில் ஒன்றும் இல்லை என்பதால் கிருமி இல்லை என்று ஆகாது. குழப்பமான பல்லுக்கு முப்பரிமாண ஸ்கேன் கேட்பார்கள். எல்லாப் பல்லுக்கும் அது தேவையில்லை.

இந்த நாளில் நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று: "சொத்தையை எடுத்த பிறகு கேப் நிக்கிற அளவுக்குப் பல்லு மிஞ்சுங்களா?" ஈறுக்கு மேலே சுற்றிலும் 1.5 முதல் 2 மி.மீ. உயரத்துக்கு நல்ல பல் மிஞ்ச வேண்டும். அது இல்லாத பல்லுக்குள் எவ்வளவு அருமையாகக் கழுவி அடைத்தாலும் கேப் கழன்று வந்துவிடும். அப்படிப்பட்ட பல்லைப் பிடுங்குவதே சரி. "புடுங்கிப்போட்டா ஆகாதுங்களா" என்ற கேள்விக்கு ஆகும் என்று பதில் வருகிற இடம் இதுவும், வேர் விரிசலும்தான்.

6. செலவை முழுதாகக் கேளுங்கள்

போர்டில் தெரிகிற தொகை பெரும்பாலும் வேருக்குள் செய்யும் வேலைக்கு மட்டும். நம் பகுதித் தனியார் கிளினிக்குகளில் முன்பல்லுக்குச் சுமார் 2,500 முதல் 5,000 வரை, கடைவாய்ப் பல்லுக்கு 3,500 முதல் 8,000 வரை சொல்கிறார்கள். நிபுணர் மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்தால் இன்னும் கூடும். பழைய ரூட் கெனாலைப் பிரித்து மறுபடி செய்வதற்குப் புதிதாகச் செய்வதைவிட அதிகம் ஆகும், வேலையும் கடினம். கேப் தனி: உலோகம் மட்டும் என்றால் குறைவு, உலோகத்தின் மேல் பீங்கான் என்றால் நடுத்தரம், சிர்கோனியா என்றால் அதிகம். பல நேரங்களில் கேப்பின் விலை ரூட் கெனாலைவிட மேலே போய்விடும். கல்லூரிகளில் எல்லாமே இதைவிடக் கணிசமாகக் குறையும்.

ஆகவே முதல் நாளே தாளில் எழுதி வாங்குங்கள்: எக்ஸ்ரே, ரூட் கெனால், மேல் அடைப்பு, தேவைப்பட்டால் போஸ்ட் (வேருக்குள் நட்டு மேல் அடைப்பைத் தாங்கும் கம்பி), கேப். கையில் 4,000 மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கி, கேப்புக்குக் காசில்லாமல் ஆறு மாதம் விட்டு, பல் பிளந்து பிடுங்கியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மொத்தத்துக்கும் ஏற்பாடு இல்லையென்றால் கல்லூரிக்குப் போங்கள், அல்லது விலை குறைந்த உலோகக் கேப்பைத் தேர்ந்தெடுங்கள். உள்கடைவாயில் அது யார் கண்ணிலும் படாது, உழைப்பிலும் குறையில்லை.

7. நாள் குறிப்பது

செத்த பல்லைத் திறந்து கழுவிய முதல் இரண்டு நாட்களில் சிலருக்கு வலியும் வீக்கமும் கிளம்பும். திருப்பூர்ப் பக்கம் சம்பளம் வாங்கிய சனிக்கிழமை மாலை போய் உட்காருகிறார்கள். ஞாயிறு கிளினிக் பூட்டியிருக்கும்போது முகம் வீங்கினால் யாரிடம் போவது? முதல் சிட்டிங்கைச் செவ்வாய், புதனில் வையுங்கள்.

கல்யாணம், குண்டம், தேர் என்று ஊரில் விசேஷம் நெருங்கும் வாரத்தில் தொடங்காதீர்கள். மொத்த வேலைக்கும் மூன்று முதல் ஐந்து வாரம் ஒதுக்குங்கள்: ரூட் கெனாலுக்கு ஒன்று முதல் மூன்று சிட்டிங், கேப்புக்கு இரண்டு. தொலைவிலிருந்து வருகிறவர்கள் ஒரே சிட்டிங்கில் முடியுமா என்று கேட்கலாம். உயிருள்ள பற்கூழ் என்றால் முடியும். சீழ் வடிந்துகொண்டிருக்கும் பல்லை ஒரே நாளில் அடைக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள்.

அன்றைக்கு வெறும் வயிற்றோடு போகாதீர்கள். வழக்கமான சாப்பாடு, வழக்கமான சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் முடித்துவிட்டுப் போங்கள். மரத்த பிறகு இரண்டு முதல் நான்கு மணி நேரம் எதுவும் மெல்ல முடியாது.

8. நாற்காலியில் நடப்பது

மரத்துப்போகும் ஊசி முதலில். சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடியிருப்பதால் மருந்து சரியாக வேலை செய்யாமல் போகலாம். உதடு மரத்தும் பல்லில் வலி தெரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள், கை தூக்குங்கள். இன்னோர் ஊசி, இன்னோர் இடம் என்று வழிகள் இருக்கின்றன.

அடுத்தது ரப்பர் டேம். மெல்லிய ரப்பர்த் தாளில் ஒரு துளை, அதில் அந்த ஒரு பல் மட்டும் தலைநீட்டும். இது வசதிக்கான சாமான் என்று நினைக்க வேண்டாம். எச்சிலில் கோடிக்கணக்கான கிருமி இருக்கிறது. கழுவக் கழுவ எச்சில் உள்ளே இறங்கினால் செய்த வேலை வீண். கழுவும் மருந்து தொண்டைக்குள் போகாமலும், வேருக்குள் சுரண்டும் ஊசிபோன்ற ஃபைல் கைதவறி விழுங்கப்படாமலும் காப்பதும் இதுதான். மூச்சு மூக்கால் விட வேண்டும். சளி பிடித்திருந்தால் நாளை மாற்றுங்கள்.

பிறகு சொத்தையை முழுதாகச் சுரண்டி எடுத்து, பல்லின் தலையில் திறப்பு ஏற்படுத்தி, கால்வாய்களைத் தேடுவார்கள். இங்கேதான் பல சிகிச்சைகள் கோட்டை விடுகின்றன. மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லில் மூன்று வேர் இருக்கும். ஆனால் கன்னப்பக்க முன்வேருக்குள் நான்காவதாக ஒரு குறுகிய கால்வாய் பாதிப்பேருக்கு மேல் உண்டு. கீழ்க்கடைவாயில் மூன்று அல்லது நான்கு. மேல்தாடையின் முதல் முன்கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் இரண்டு. கீழ் முன்பல்லில்கூடச் சிலருக்கு இரண்டு. ஒரு கால்வாயை விட்டுவிட்டால் அதற்குள் இருக்கும் கிருமிக்குத் தீனியும் இடமும் அப்படியே இருக்கும்.

நீளம் அளப்பது அடுத்தது. ஃபைலின் தண்டில் சிவப்பிலோ நீலத்திலோ சின்ன ரப்பர் வளையம் ஒன்று ஏறி இறங்கும். அதுதான் அளவுக் குறி. உதட்டில் ஒரு கொக்கியை மாட்டி, ஃபைலை உள்ளே இறக்கும்போது ஏபெக்ஸ் லொக்கேட்டர் கருவி விட்டுவிட்டுக் கூவும். வேர் நுனியை நெருங்க நெருங்கக் கூவல் வேகமாகும். எக்ஸ்ரேயில் தெரியும் நுனிக்கு அரை முதல் ஒரு மி.மீ. முன்னால் நிறுத்த வேண்டும். தாண்டிப்போனால் கிருமியையும் தூளையும் எலும்புக்குள் தள்ளுவோம். குறைந்தால் நுனியில் அழுக்கு மிஞ்சும்.

சுரண்டுவது 10-ஆம் எண் ஃபைலில் தொடங்கும். நுனி 0.10 மி.மீ. தடிமன், தலைமுடி அளவு. பிறகு 15, 20 என்று ஏறி, மோட்டாரில் சுழலும் நிக்கல் டைட்டானிய ஃபைல்களுக்கு மாறுவார்கள். வளைந்த வேரில் தேய்ந்த ஃபைல் ஒடியும். ஒடிந்தால் உங்களிடம் சொல்ல வேண்டும், சீட்டிலும் எழுத வேண்டும். ஒடிந்த துண்டு இருப்பதாலேயே பல் போய்விடாது. அது எந்தக் கட்டத்தில் ஒடிந்தது, அதற்கு அப்பால் எவ்வளவு சுத்தமானது என்பதைப் பொறுத்தது.

ஆனால் ஃபைலால் மட்டும் கிருமி போகாது. கால்வாய் வட்டமான குழாயாக இருப்பதில்லை. பக்கக் கிளை, தட்டையான பிதுக்கம், இரண்டு கால்வாய்களை இணைக்கும் மெல்லிய பிளவு என்று ஃபைல் தொடாத சுவர்ப்பரப்பு நிறைய. கிருமிகள் அங்கே வழுவழுப்பான படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும், வாய்க்காலில் பாசி பிடித்தாற்போல். அதைக் கரைப்பது கழுவும் மருந்துதான். ரூட் கெனாலின் உயிர் இந்தக் கழுவலில் இருக்கிறது.

முதன்மையான மருந்து சோடியம் ஹைப்போகுளோரைட். பிளீச்சிங் வாடை அடிப்பது இதனால்தான். அரை சதவீதம் முதல் 5.25 சதவீதம் வரை பயன்படுத்துவார்கள். கிருமியைக் கொல்லும், செத்த திசுவையும் கரைக்கும். வேறெந்தக் கழுவல் மருந்தும் இந்த இரண்டாவது வேலையைச் செய்யாது. நீர்த்ததாக இருந்தால் அளவும் நேரமும் கூட வேண்டும். ஒவ்வொரு ஃபைல் மாற்றும்போதும் 2 மி.லி. அளவில் புதிதாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் 17 சதவீத இ.டி.டி.ஏ. கரைசல் ஒரு நிமிடம்: சுரண்டியதில் சுவரில் அப்பிய தூள்படலத்தை அது எடுக்கும். பிறகு மீண்டும் ஒருமுறை ஹைப்போகுளோரைட். அல்ட்ராசானிக் முனையால் மருந்தை உள்ளே அதிரவைத்தால் இடுக்குகளுக்கும் போய்ச்சேரும். சிலர் 2 சதவீதக் குளோர்ஹெக்சிடினும் பயன்படுத்துவார்கள். அதையும் ஹைப்போகுளோரைட்டையும் கலக்கவிட்டால் செம்பழுப்பு வண்டல் உண்டாகிக் கால்வாயை அடைக்கும், பல்லும் நிறம் மாறும். நடுவில் உப்புநீர் விட்டுக் கழுவி, உலர்த்த வேண்டும். வெறும் உப்புநீரால் மட்டும் கழுவி முடிக்கிற இடத்தில் கிருமி நீக்கம் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கழுவும் ஊசி நுனியில் மூடி, பக்கவாட்டில் துளை உள்ளதாக இருக்க வேண்டும். வேரின் சுவரில் இறுகாமல், அளந்த நீளத்துக்கு 2 மி.மீ. முன்னால் நிற்க வேண்டும். இறுக்கமாக நுழைத்து அழுத்தினால் மருந்து எலும்புக்குள் பாயும். அந்தக் கணமே தாங்க முடியாத எரிச்சல், நிமிடங்களில் வீக்கம், பிறகு கன்றிப்போன நிறம். மரத்திருக்கும்போதும் அப்படியொரு எரிச்சல் வந்தால் உடனே கை தூக்குங்கள்.

சீழ் இருந்த பல்லில் அன்றே அடைக்காமல், சுண்ணாம்புப் பசைபோன்ற கால்சியம் ஹைட்ராக்சைடை உள்ளே நிரப்பி, ஒரு வாரம் அல்லது சற்றுக் கூடுதலாக விடுவார்கள். அதன் காரத்தன்மை 12.5 பி.எச். அளவில் இருப்பதால் பெரும்பாலான கிருமிகள் தாங்காது. என்டெரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்ற கிருமி மட்டும் அதையும் சமாளித்துக்கொள்ளும். தோற்றுப்போன பழைய ரூட் கெனால்களில் அடிக்கடி அகப்படுவது அதுதான். இரண்டாம் முறை செய்யும் பல்லுக்குக் கழுவலும் காலமும் கூடுதலாகத் தேவைப்படுவதற்கு இது ஒரு காரணம்.

9. இரண்டு சிட்டிங்குக்கு நடுவே

மேலே வைக்கும் தற்காலிக அடைப்பு சுண்ணாம்புக் கட்டிபோல் இருக்கும், எச்சில் பட்டு இறுகும். மூன்றரை மி.மீ. தடிமனாவது இருந்தால்தான் கசியாது. ஒரு மணி நேரம் எதையும் மெல்லாதீர்கள். உதட்டு மரப்பு போகும்வரை சூடான காபியும் வேண்டாம், கடித்தாலும் சுட்டாலும் தெரியாது.

சந்தகை, குழைய வடித்த அரிசிம்பருப்புச் சாதம், ராகிக் களி எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். கடலை மிட்டாய், பாக்கு, கரும்பு, நல்லி எலும்பு இவற்றை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது மந்தமான வலி இருப்பது இயல்பு. வீக்கம் கூடினாலோ காய்ச்சல் வந்தாலோ போன் செய்யுங்கள். அடைப்பு பெயர்ந்தால் அன்றோ மறுநாளோ போய்த் திரும்ப வையுங்கள். குழி திறந்தபடி நான்கு நாள் எச்சில் இறங்கினால் முதல் சிட்டிங்கை மறுபடி செய்வதற்குச் சமம்.

தற்காலிக அடைப்பு இரண்டு மூன்று வாரத்துக்குமேல் தாங்காது. இந்த இடைவெளியில்தான் ஆட்கள் காணாமல் போகிறார்கள். வலி இல்லை, மஞ்சள் வெட்டு நடக்கிறது, ஏற்றுமதி ஆர்டர் அவசரம். மூன்று மாதம் கழித்து வந்தால் உள்ளே இருந்த மருந்து கரைந்து, கிருமி முன்பைவிடக் கெட்டிப்பட்டிருக்கும்.

10. அடைப்பு

கால்வாய் உலர்ந்திருக்க வேண்டும், சீழ் இருக்கக் கூடாது, தட்டினால் வலிக்கக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால் கட்டா பெர்ச்சா என்ற ரப்பர்க் குச்சியையும் ஒட்டும் பசையையும் வைத்து அடைப்பார்கள்.

கடைசி எக்ஸ்ரேயை நீங்களும் பாருங்கள். வேர் நடுவே ஓடும் வெள்ளைக் கோடு நுனிக்கு 2 மி.மீ.க்குள் வந்து நிற்க வேண்டும். நடுவே கறுப்பு இடைவெளி கூடாது. நுனியைத் தாண்டி வெளியே நீளக் கூடாது. படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லி வாங்கிவையுங்கள். போட்டோவாக அனுப்பினால் தெளிவு போய்விடும். முதல் எக்ஸ்ரே, கடைசி எக்ஸ்ரே, பில், எத்தனை கால்வாய் அடைத்தார்கள் என்ற குறிப்பு, இவை நான்கும் உங்களிடம் இருக்க வேண்டும்.

11. கேப்

கடைவாய்ப் பல்லுக்குக் கேப் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொத்தையும் திறப்பும் சேர்ந்து பல்லின் சுவரை மெலிதாக்கிவிட்டன. தட்டை முறுக்கு ஒன்று போதும், நடுவில் பிளக்க. பிளவு வேருக்கு இறங்கினால் பிடுங்குவதுதான் மிச்சம். அதைவிட ஓசையில்லாத ஆபத்து, மேல் அடைப்பின் ஓரம் கசிந்து எச்சில் மீண்டும் வேருக்குள் போவது. பெரிதாகச் சேதமில்லாத முன்பல்லுக்கு நல்ல நிரந்தர அடைப்பே போதும்.

வலி அடங்கியதும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஒருநாள் பல்லைச் செதுக்கி அச்சு எடுப்பார்கள், லேபிலிருந்து வர ஏறக்குறைய ஒரு வாரம். ஒட்டும் முன் மூன்றைச் சரிபாருங்கள்: மற்றப் பற்களோடு ஒரே நேரத்தில் கடிபடுகிறதா, பக்கத்துப் பல்லுக்கு நடுவே நூல் இறுக்கமாகப் போய்வருகிறதா, ஓரத்தில் நகம் தட்டுகிறதா. உயரமாகத் தோன்றினால் "போகப்போகச் சரியாயிடும்" என்று விடாதீர்கள், அங்கேயே தேய்த்துத் தரச் சொல்லுங்கள். உயரமான கேப் வேரைச் சுற்றி மாதக்கணக்கில் வலியைக் கொடுக்கும், ரூட் கெனால் தோற்றுவிட்டதோ என்று வீணாகச் சந்தேகிக்கவும் வைக்கும்.

12. மறு எக்ஸ்ரே

ஆறு மாதத்தில் ஒன்று, ஓராண்டில் ஒன்று. கறுப்பு வட்டம் சுருங்கியிருந்தால் எலும்பு வளர்கிறது. பெரிய வட்டம் முழுதாக மறைய நான்கு ஆண்டு வரைகூட ஆகலாம், அதுவரை ஒவ்வோர் ஆண்டும் பார்ப்பார்கள். ஈறுக் கொப்புளம் மட்டும் சில வாரங்களிலேயே மறைந்துவிட வேண்டும்.

வட்டம் பெரிதானாலோ, கொப்புளம் திரும்ப வந்தாலோ, கடித்தால் வலி தொடர்ந்தாலோ நிபுணரிடம் பழைய படங்களோடு போங்கள். விட்டுப்போன கால்வாய், கசிந்த கேப் என்றால் பிரித்து மறுபடி செய்யலாம். கேப்பையோ போஸ்ட்டையோ எடுக்க முடியாத நிலையில் ஈறைத் திறந்து வேர் நுனியை 3 மி.மீ. வெட்டி, அந்தப் பக்கமிருந்து அடைக்கும் சின்ன அறுவை சிகிச்சை உண்டு. வேர் நெடுக விரிசல் என்றால் பிடுங்கிவிட்டு, ஆறிய பிறகு பிரிட்ஜா (பக்கத்துப் பற்களில் பிடித்துக் கட்டும் பல்) இம்பிளான்ட்டா (எலும்பில் திருகி வைக்கும் பல்) என்று பேச வேண்டும். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் "இன்னொரு கோர்ஸ் மாத்திரை போட்டுப் பாருங்க" என்று சீட்டு நீட்டினால், அந்தச் சீட்டோடு இன்னொருவரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள்.